முகம் சேரும் நாட்கள்

முட்டைக்குள் இருக்கிற கோழிக் குஞ்சுக்கு ஐந்தாம் நாளில் கோழியின் முகம் இல்லை. இரண்டு பெரிய கருங்கண்கள், அவற்றின் நடுவிலும் பக்கங்களிலும் அரிசி நொய்யளவில் சில மொட்டுகள், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு பல்லியின் கருவையோ முதலையின் கருவையோ வைத்தால் எது எதுவென்று என்னால் சொல்ல முடியாது. அந்த மொட்டுகள் வளர்ந்து வந்து, ஒன்றையொன்று தொட்டு, ஒட்டிக்கொண்டால்தான் முகம். அதற்குப் பிறகே ஒன்றுக்கு அலகு, மற்றதற்குப் பல் வைத்த வாய்.

எங்கள் மகளுக்கு அந்த மொட்டுகள் இடது பக்கத்தில் ஒட்டவில்லை. மேலுதடு மூக்குத் துவாரம் வரை பிளந்து, உள்ளே அண்ணமும் திறந்தபடி பிறந்தாள். அது என்னால் நடந்ததா என்பதுதான் இந்த ஐந்து மாதமாக என்னிடம் இருக்கிற ஒரே கேள்வி. வேறு எதை யோசிக்கத் தொடங்கினாலும் அங்கேதான் போய் நிற்கிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நீர்வேலியில் வாழைத் தோட்டத்துக்குப் பின்னால் இரண்டு அறைக் கட்டடம் ஒன்றில் முட்டைகளை மெசினில் அடைவைத்துக் குஞ்சு பொரிக்க வைத்து விற்கிறேன். பயந்த சுபாவம். கேற்றைப் பூட்டிவிட்டுச் சந்திவரை சைக்கிளில் போனவன், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவேன். மெசினுக்குள் மூன்று வெப்பமானிகள் வைத்திருக்கிறேன். மூன்றும் மூன்று விதமாகக் காட்டும். அதனால் பயம் மூன்று மடங்காகியதே தவிரக் குறையவில்லை. ஆனாலும் குஞ்சு பொரிக்கிற தொழிலுக்குப் பயந்தவன்தான் பொருத்தம் என்று நினைத்திருந்தேன். இருபத்தொரு நாளும் முட்டையைப் பற்றிக் கவலைப்பட ஒருவன் வேண்டும் அல்லவா.

என் மனைவி படித்தவள். உயர்தரத்தில் உயிரியல் படித்து, பல்கலைக்கழகம் கொஞ்சத்தில் தவறிப்போய், சுன்னாகத்தில் ஒரு ரியூசனில் அதே பாடத்தைப் படிப்பிக்கிறாள். எட்டாம் வகுப்புக்காரனை ஏன் கட்டினாள் என்று ஊர் கேட்டது. நானும் கேட்டிருக்கிறேன். "உங்களிட்டை மெசின் இருந்தது, அதுதான்" என்பாள். பகிடிதான். ஆனால் முழுப் பகிடி இல்லை என்று கலியாணம் முடிந்து பதினான்கு நாள் ஆகுமுன், இரண்டாம் கிழமையே, தெரிந்துவிட்டது.

ஏழாம் நாள் முட்டைகளை ஒவ்வொன்றாக ரோச் லைற் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது வழக்கம். உயிருள்ள முட்டைக்குள் சிவப்பு நரம்புகள் சிலந்திவலை போலத் தெரியும். செத்ததில் ஒரு இரத்த வளையம் மட்டும் இருக்கும். செத்ததைக் கிடங்கில் போட்டு மூடிவிடுவேன். அந்த இரண்டாம் கிழமையில் ஒரு நாள் அவள் பின்னால் வந்து நின்றாள்.

"எறியாதையுங்கோ. எனக்குத் தாங்கோ."

"உதென்னத்துக்கு?"

"பிள்ளையளுக்குக் காட்ட. புத்தகத்திலை இருக்கிற படத்தைப் பாத்துப் பாத்து அதுகளுக்கும் அலுத்துப் போச்சு, எனக்கும் அலுத்துப் போச்சு."

ஒரு தட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றி, முட்டையின் ஓட்டைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டித் திறந்தாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன். எத்தனையோ ஆயிரம் குஞ்சு பொரிக்க வைத்தவன், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையும் இல்லை, தைரியமும் இல்லை.

"கிட்ட வாங்கோ. உது உங்களைக் கடிக்காது. பல்லில்லை."

"முகமும் இல்லைப் போல கிடக்கு."

"இனித்தான் வரவேணும். உங்கடை முகமும் ஒரு நாள் உப்பிடித்தான் கிடந்தது. பிறகும் பெரிசா ஒரு மாற்றமும் வரேல்லை."

அப்படித்தான் தொடங்கியது. நாள் வாரியாகச் செத்த கருக்களை எடுத்து ஜாம் போத்தல்களில் போட்டு, நான் அறைக்குப் புகை அடிக்க வைத்திருந்த பொமலின் என்ற கிருமிநாசினிக் கலனிலிருந்து கொஞ்சம் ஊற்றித் தண்ணீர் கலந்து, மூடியில் எத்தனையாம் நாள் என்று எழுதி வீட்டு அலமாரியில் அடுக்குவாள். மூன்றாம் நாள், நாலாம் நாள், ஐந்தாம் நாள். ஏழாம் நாள் போத்தலில்தான் முதன்முதலாக நுனியில் ஏதோ கூராகத் தெரியும். பத்தாம் நாள் போத்தலை யாரும் பார்த்துக் கோழி என்று சொல்லிவிடலாம்.

புகை அடிப்பதைச் சொல்ல வேண்டும். ஒரு தொகுதி குஞ்சு இறக்கி முடிந்ததும் மெசின் அறையைக் கழுவி, ஒரு மண்சட்டியில் கொண்டிஸ் என்கிற ஊதாத் தூளைப் போட்டு அதன்மேல் பொமலினை ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஓடிவர வேண்டும். கொதித்துப் புகை கிளம்பும். கிருமி எல்லாம் செத்துப்போகும். ஓடிவரப் பிந்தினால் நமக்குக் கண் எரியும், தொண்டை கமறும். அந்தத் தொழில் செய்கிற எல்லாரும் செய்வதுதான். நானும் செய்தேன்.

ஒரு நாள் ரோட்டில் அடிபட்டுச் செத்துக் கிடந்த உடும்பு ஒன்றை நான் தோட்டத்து மூலையில் புதைத்தேன். மூன்று மாதம் கழித்து அவள் அதைத் தோண்டி மண்டையோட்டை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் ஒரு கோழி மண்டையோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டேன்.

"இஞ்சரும், சோறு தின்னுற மேசை."

"துடைக்கலாம். இதைப் பாருங்கோ." உடும்பின் மூக்கு நுனியில் விரலை வைத்தாள். "இந்தத் துண்டு. சின்னன். பல்லுப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. முதலைக்கு இது ரெண்டு துண்டு, நடுவிலை கோடு தெரியும். இப்ப கோழியைப் பாருங்கோ."

கோழியின் மண்டையோட்டில் மேல் அலகு முழுவதும் ஒரே எலும்பாக நீண்டு கிடந்தது.

"இந்தச் சின்னத் துண்டுதான் அது. முந்திப் பறவைக்கு மூதாதையா இருந்ததுகளுக்கும் முதலைக்கு மாதிரி ரெண்டு குட்டித் துண்டுதான். வர வர நீண்டு, ரெண்டும் ஒட்டி ஒண்டாச்சு. பல்லு விழுந்துபோச்சு. மேலாலை நகம் மாதிரி ஒரு உறை மூடிக்கொண்டுது. சொண்டு எண்டு வேறை ஒண்டும் புதுசா வரேல்லை. மூக்கு நுனிதான் நீண்டது."

"என்னத்துக்கு நீண்டது?"

"கை செட்டையாப் போச்செல்லே. பிறகு எதாலை பொறுக்கிறது, எதாலை கூடு கட்டுறது? முகந்தான் கையாச்சு எண்டு ஒரு கதை சொல்லுகினம். சரியாத் தெரியாது. கனகாலத்துக் கதை."

"எங்களுக்கு உந்தத் துண்டு இருக்கோ?"

"ஓம். எங்களுக்கு முன்பல்லு நாலையும் பிடிச்சுக்கொண்டு உள்ளுக்கை கிடக்கு. பக்கத்துத் துண்டோடை ஒட்டின தழும்புதான் தெரியாது."

இதைக் கேட்டபிறகு எனக்கு ஒரு தொல்லை வந்தது. முட்டைக் கோழியாக வளர்க்க வாங்குகிறவர்களுக்குக் குஞ்சுகளின் அலகு நுனியை வெட்டித்தான் கொடுக்க வேண்டும். வெட்டாவிட்டால் ஒன்றையொன்று கொத்திக் கொன்றுவிடும். பழுக்கக் காய்ச்சிய தகட்டில் அலகை ஒரு கணம் வைத்து எடுப்பேன். மயிர் கருகுகிற மணம் வரும். முன்பெல்லாம் அது நகம் வெட்டுகிற மாதிரி. அவள் முகந்தான் கை என்று சொன்னதற்குப் பிறகு, ஒவ்வொரு குஞ்சுக்கும் விரல் நுனியைச் சுடுகிறேன் என்ற எண்ணம் விடவில்லை. "தொழிலை விடப் போறியளோ?" என்று கேட்டாள். விடவில்லை. குஞ்சு ஒன்றைப் பிடித்தால் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளப் பழகினேன், அவ்வளவுதான்.

அவள் உண்டாகி நாலாம் மாதம். அலகு வெட்ட இருநூறு குஞ்சுகள் நின்றன. ஒருவர் பிடித்துக் கொடுக்க, ஒருவர் வெட்ட வேண்டும். நான் வழக்கம்போலப் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். அன்றைக்குச் சூரிய கிரகணம். ஆனால் இங்கே தெரியாது, ஆகையால் தோஷமில்லை என்று போட்டிருந்தது. இரண்டு தரம் வாசித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் தரமும் வாசித்தேன். கர்ப்பிணிகள் கிரகணத்தில் கத்தி, கத்தரிக்கோல் தொடக் கூடாது, தொட்டால் பிள்ளையின் உதடு பிளந்துவிடும் என்பது எங்கள் வீடுகளில் நெருப்புச் சுடும் என்பதுபோலச் சொல்லாமலே தெரிந்த விஷயம். தெரியாத கிரகணத்துக்கு அது இல்லை என்று பஞ்சாங்கமே சொல்லுகிறது. நான் வேறு யாரைக் கேட்பது?

"அப்ப வாரும். குஞ்சைப் பிடிச்சுத் தாரும்" என்றேன்.

"கிரகணம் எண்டு காலமை முணுமுணுத்தியள்?"

"அது இஞ்சை இல்லை."

"அப்ப சூரியனிட்டை அதை எழுத்திலை வாங்கி வைச்சிருக்கிறியளோ?" என்று சிரித்துக்கொண்டே வந்து பிடித்துக் கொடுத்தாள். கத்தியை அவள் தொடவில்லை. தகடு என் கையில்தான் இருந்தது.

பிள்ளை பிறந்த அன்று ஒரு தாதி என்னைக் கூப்பிட்டு, "அப்பா, பதறக் கூடாது" என்றார். பதறக் கூடாது என்று சொல்லப்படுகிற இடத்தில் நான் பதறாமல் இருந்ததே இல்லை. துணியை விலக்கிக் காட்டினார். எனக்கு முதலில் தோன்றியதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆறாம் நாள் போத்தல் என்றுதான் தோன்றியது. நடு மொட்டுத் தனியாகவும் பக்கத்து மொட்டுத் தனியாகவும் நிற்கிற முகம். பிறகுதான் அவள் அழுதாள். அழும்போது அந்தப் பிளவு அகன்றது. பிறகுதான் இது என் பிள்ளை என்ற நினைவு வந்தது.

மனைவி அழவில்லை. பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டு அண்ணத்தைத் தடவிப் பார்த்தாள். "உள்ளுக்கும் திறந்துதான் கிடக்கு" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு கனநேரம் படுத்திருந்தாள். அவள் உதடுகள் ஏதோ எண்ணுவதுபோல அசைந்தன. பிரார்த்தனை பண்ணுகிறாள் என்று நினைத்தேன். கடவுளை அவ்வளவாகக் கும்பிடுகிறவள் இல்லையே என்றும் நினைத்தேன்.

அண்ணம் திறந்த பிள்ளைக்கு முலை உறிஞ்ச வராது. உறிஞ்சக் காற்று நிற்க வேண்டும், நிற்க இடமில்லை. பாலைக் கறந்து, பிழிகிற மாதிரியான மெல்லிய போத்தலில் ஊற்றி, பிள்ளையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பாதி மூக்கால் வந்துவிடும். ஒரு தரம் பால் கொடுக்க ஒரு மணித்தியாலம். ஐந்து கிலோ வந்தால்தான் உதட்டைத் தைக்கலாம், அண்ணம் அதற்குப் பிறகு என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பாலும் நிறையும்தான் வீட்டில் பேச்சு.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு ஐயர் வந்து போனபின் சொந்தக்காரர் பிள்ளையைப் பார்க்க வந்தார்கள். பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற என் அக்கா பிள்ளையை மடியில் வாங்கி, வருகிறவர்களுக்குக் கண்ணும் நெற்றியும் மட்டும் தெரியும்படி வாயைத் துணியால் மூடிக்கொண்டிருந்தா. பாசத்தில்தான். பால் மூக்கில் ஏறித் திணறியபோது மனைவி வந்து துணியை எடுத்துவிட்டாள். எல்லாரும் பார்த்தார்கள். வாழைப்பொத்தி வறை நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னார்.

அவர்கள் போனபிறகு அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டா.

"தம்பி, ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லு. கிரகணத்தண்டைக்கு இவள் ஏதும் வெட்டினவளே?"

"இல்லை."

"நீ?"

நான் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினேன்.

"சொண்டு வெட்டினனியோ?"

"இஞ்சை தெரியாத கிரகணம், அக்கா. பஞ்சாங்கத்திலை கிடந்தது."

"தெரியாட்டில் நடக்கேல்லை எண்டோ? ராகு உன்ரை கண்ணுக்குத் தெரிஞ்சுதான் பிடிக்கிறவரோ? அத்தனை வாய்பேசாச் சீவனுக்கு வாயைச் சுட்டிருக்கிறாய், அதுவும் அவள் வயித்துப் பிள்ளையோடை பக்கத்திலை நிக்க." பிறகு, "நான் ஒருத்தருக்கும் சொல்லன்" என்றா.

சொன்னா. ஒரு கிழமைக்குள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அக்கா சொன்னதை நான் நம்பினேன், அதுதான் பெரிது. இருநூறு குஞ்சு. ஒவ்வொன்றின் கண்ணையும் நினைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு அலகு வெட்டவில்லை. வாங்குகிறவர்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

அந்த நாட்களில் மெசினில் ஒரு குஞ்சு மேலலகும் கீழலகும் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று குறுக்கிட்டபடி பொரித்தது. எல்லாத் தொகுதியிலும் ஒன்றிரண்டு வரும். முன்பென்றால் அந்தக் கணமே கழுத்தைத் திருகி ஒதுக்கிவிடுவேன். இரையைப் பொறுக்க அலகு பொருந்தாத குஞ்சு எப்படியும் பிழைக்காது. இந்தத் தரம் கை வரவில்லை. தவிட்டைக் கஞ்சிபோலக் கரைத்துப் பிழிகிற போத்தலால் ஊட்டினேன், பிள்ளைக்குச் செய்கிற மாதிரி. பன்னிரண்டாம் நாள் செத்துப்போனது. வயிறு ஒட்டி, எடுத்தால் கையில் பாரமே இல்லை. அதை மனைவிக்குச் சொல்லவில்லை. அவள் கண்டிருப்பாள்.

பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்தும் நாலு கிலோவைத் தாண்டவில்லை. ஒரு பின்னேரம் பால் போத்தலைக் கழுவிக்கொண்டிருந்த மனைவியிடம், கனநாளாகத் தொண்டையில் கிடந்ததைக் கேட்டேன்.

"மனிசப் பிள்ளைக்கு முகம் எப்ப ஒட்டிறது? கோழிக்கு ஐஞ்சு, ஆறு நாள் எண்டால்?"

அவள் திரும்பாமலே சொன்னாள். "உதடு ஆறு, ஏழு கிழமைக்குள்ளை. அண்ணம் அதுக்குப் பிறகு, பன்ரெண்டு கிழமைக்குள்ளை."

"அப்ப நாலாம் மாசத்திலை..."

"நாலாம் மாசத்திலை எல்லாம் முடிஞ்ச கதை. கிரகணம் வந்தால் என்ன, சூரியனே விழுந்தால் என்ன. ஒட்டினது பிரியாது, ஒட்டாதது ஒட்டாது. மச்சாள் கதைக்கிறதை நீங்கள் தலையிலை ஏத்தாதையுங்கோ."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூன்று மாதம் காத்திருந்தேன் போலிருந்தது. மெசின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். குஞ்சுகளைச் சுட்டது பாவந்தான், ஆனால் அந்தப் பாவம் என் பிள்ளையின் முகத்தில் ஏறவில்லை. அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது மூலையில் இருந்த பொமலின் கலன் கண்ணில் பட்டது.

ஆறு, ஏழு கிழமை.

அவள் முன்பொரு தடவை சொல்லியிருந்தாள். வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் முட்டையில் சின்னத் துவாரம் போட்டு, அலகு வளரச் சொல்லுகிற ஏதோ ஒன்றைத் தடுக்கிற மருந்தைச் சொட்டு அளவில் வைத்தார்களாம். அந்தக் கருக்களுக்கு அலகு நீளவில்லை. அந்தக் காலத்து மிருகங்களுக்கு இருந்தமாதிரி இரண்டு குட்டித் துண்டாக நின்றுவிட்டதாம். பொரிக்க விடவில்லையாம். அப்போது நான் அதிசயமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு. முகம் பின்னால் போய்விடுகிறது.

அவள் உண்டாகியிருந்தது எங்களுக்குத் தெரியாத அந்தக் கிழமைகளில் குஞ்சுகளுக்குள் ஒரு நோய் வந்தது. அடுத்தடுத்து மூன்று தரம் அறைக்குப் புகை அடித்தேன். கதவைச் சரியாகத் திறந்து காற்று விடாமல், அவசரத்தில் அடுத்த முட்டைகளை ஏற்றினேன். "கண் எரியுது" என்று அவள் வாசலில் நின்று சொன்னது நினைவிருக்கிறது. அதற்கு நான் சொன்னதும் நினைவிருக்கிறது. "கொஞ்சந்தான். வந்து ரோச்சைப் பிடியும்." கேற்றுப் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறவன், பஞ்சாங்கத்தை மூன்று தரம் வாசிக்கிறவன், அன்றைக்கு ஒரு தரமும் யோசிக்கவில்லை. எத்தனையோ கோடி மைல் தள்ளி நடந்த கிரகணத்துக்குப் பயந்தேன். கையெட்டுகிற தூரத்தில் இருந்த கலனுக்குப் பயப்படத் தெரியவில்லை.

காலண்டரை எடுத்து விரலால் கிழமைகளை எண்ணினேன். வேறு விதமாக எண்ணினேன். எப்படி எண்ணினாலும் அந்த நாட்களில்தான் வந்து விழுந்தது.

பிள்ளையின் ஐந்தாம் மாதத்தில் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனபோது, மனைவி பிள்ளையை நிறுக்கிற இடத்தில் நின்றாள். நான் மட்டும் டொக்டரின் மேசைக்குப் போனேன். இளம் பெண். களைத்த முகம்.

"டொக்டர், பொமலின் புகையாலை உது வருமோ?"

அவர் எழுதுவதை நிறுத்தினார். "எப்ப?"

சொன்னேன். கிழமைக் கணக்கோடு சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பரிதாபமா சலிப்பா என்று தெரியவில்லை.

"அதாலைதான் எண்டு ஒருத்தராலும் சொல்லேலாது, ஐயா. அதாலை இல்லை எண்டும் என்னாலை எழுதித் தரேலாது. ஒண்டுமே செய்யாத வீடுகளிலையும் இப்பிடிப் பிள்ளையள் பிறக்குதுகள். நீங்கள் எண்ணிக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு நிறை கூடாது. இனிமேல் உந்த அறைக்குள்ளை போகேக்கை மூக்கை மூடிக்கொண்டு போங்கோ. அம்மாவை விடாதையுங்கோ."

நிறை நாலு கிலோ எழுநூறு. இன்னும் காணாது. ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

ஓட்டோவில் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அவள் பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்துப் பாலைப் பிழியத் தொடங்கினாள். நான் எதிரே நின்றேன். சொல்லாமல் இருந்தால் செத்துவிடுவேன் என்று தோன்றியது. சொன்னால் அவள் போய்விடுவாள் என்றும் தோன்றியது.

"இஞ்சரும். அந்தப் புகை. நான் உம்மை உள்ளுக்குக் கூப்பிட்டது..."

"தெரியும்."

"ஆறாம் கிழமை."

"ஆறும் ஏழும். தெரியும்." போத்தலில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆஸ்பத்திரிக் கட்டிலிலை கிடக்கேக்கையே எண்ணி முடிச்சிட்டன்."

நிலத்தில் குந்தினேன்.

"அப்ப ஏன் என்னைக் குறை சொல்லிப் பேசேல்லை?"

"உங்களை என்னத்துக்குப் பேச? நீங்கள் மூண்டு தரம் புகை அடிச்சனீங்கள். நான் அந்த ரெண்டு கிழமையிலை பதினொரு போத்தல் நிரப்பினனான். செத்த முட்டை கனக்கக் கிடைச்சுதெண்டு சந்தோசத்திலை. கதவைப் பூட்டிக்கொண்டு, கலனை மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு, சிந்தாமல் ஊத்தவேணுமெண்டு மெல்ல மெல்ல. எனக்கு அது என்ன சாமான் எண்டு தெரியும். படிச்சனான். உங்களுக்குத் தெரியாது."

அப்போதுதான் அலமாரியைப் பார்த்தேன். போத்தல்கள் இல்லை. எப்போதிருந்து இல்லை என்றுகூட எனக்குத் தெரியவில்லை. முப்பத்தொன்றுக்கு வீடு கழுவியபோது அக்கா எறிந்திருப்பா என்று எங்கோ மனதின் மூலையில் நினைத்து விட்டிருந்தேன்.

"வாழைக்குக் கீழை தாட்டிட்டன்" என்றாள். "உடும்பையும்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் அதையும் தூக்கி உங்கடை தலையிலை வைச்சுக்கொண்டு இருப்பியள். உங்களுக்கு அது வேணும். இது என்ரை. விடுங்கோ."

பிள்ளையின் மூக்கால் பால் வந்தது. நான் துணியை நீட்டினேன். அவள் வாங்கித் துடைத்தாள். அவள் அழுகிறாளோ என்று பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஐந்து மாதமாக நான் என் பாவத்தைத்தான் சுற்றிச் சுற்றி வந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி அதே நாட்களை எண்ணிக்கொண்டு கிடந்தது தெரியவில்லை. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

கேற் திறந்த சத்தம் கேட்டது. அக்கா. கையில் பிள்ளைக்கு என்று ஒரு அம்மன் நூல். நிறை என்ன என்று கேட்டா, சொன்னோம். பெருமூச்சு விட்டா. பிள்ளையின் கையில் நூலைக் கட்டிக்கொண்டே, யாருக்கும் இல்லாமல் சொல்லுகிற மாதிரிச் சொன்னா.

"எல்லாம் அந்தக் கிரகணம் செய்த வேலை."

நான் வாயைத் திறந்தேன். ஆறாம் கிழமை, ஏழாம் கிழமை, மொட்டு, எலும்பு எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. மனைவி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்கிற பார்வை.

"ஓம், மச்சாள்" என்றாள். "கிரகணந்தான். குஞ்சைப் பிடிச்சுக் குடுத்தது நான்தான். என்ரை பிழை."

அக்கா அவளுடைய தலையைத் தடவினா. முதல் தடவையாக. "போகட்டும் பிள்ளை, இனி என்ன செய்யிறது" என்றா.

நான் போத்தலை வாங்கிக்கொண்டேன். பிள்ளையை என் நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்து, மெல்லப் பிழிந்தேன். ஒரு சொட்டு உள்ளே போனது. ஒரு சொட்டு வெளியே வந்தது.